சாட்சி சொன்னபோது முன்வரிசையில் யார் இருந்தார்கள்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பல வருடங்களாக, ராத்திரி படுக்கப் போகுமுன் அன்றைக்குக் கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பஸ் ஸ்டாப்புக்குப் போனதும் பஸ் வந்தது, விருந்தாளிகள் கிளம்பும்வரை கேஸ் சிலிண்டர் தீராமல் இருந்தது, காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் கேட்காமலே கஞ்சி கொண்டுவந்தது என்று எல்லாம் சின்ன விஷயங்கள்தான். போன மாதம் ஊரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வேனில் போவதாக இருந்தேன். வீட்டுச் சாவியைத் தேடியதில் நேரமாகி, வேன் கிளம்பிவிட்டது. அது வழியில் கவிழ்ந்து எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் 91-ஆம் சங்கீதத்தை வாசித்து, கர்த்தர் என்னைக் காத்தார் என்று சாட்சி சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மருமகள், "செத்தவங்க வீட்டுச் சாவிய மட்டும் கர்த்தர் ஏன் ஒளிச்சு வைக்கல, அத்தை?" என்று கேட்டாள். எனக்கு மிகவும் வேதனையாகிவிட்டது. அன்றாடக் காரியங்களில் தேவனுடைய பராமரிப்பைப் பார்ப்பது தவறா? மருமகளுக்கு என்ன பதில் சொல்வது? சாட்சியை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், வெளியிடவும்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மருமகளுக்குப் பதில் எதுவும் சொல்ல வேண்டாம், அம்மா. அவர் கேட்டது நல்ல கேள்வி. சபையில் அன்று பலர் மனதில் எழுந்து, மரியாதை கருதி விழுங்கிக்கொண்ட கேள்வியாகவும் இருக்கலாம். அதற்கு அவிசுவாசம் என்று பெயர் வைத்து, மருமகளை ஜெபக்குறிப்பில் சேர்த்துவிடாதீர்கள். (ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

நோட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சாட்சி.

இறந்தவர்கள் ஊர்க்காரர்கள் என்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் வீட்டாரும் அநேகமாக உங்கள் சபையார்தான். அடக்க ஆராதனை முடிந்து வந்த முதல் ஞாயிறு. நீங்கள் எழுந்து நின்றபோது முன்வரிசையில் யார் இருந்தார்கள்? "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற ஏழாம் வசனம் வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா? புருஷனையோ பிள்ளையையோ குழிக்குள் இறக்கிவிட்டு வந்தவருக்கு, அந்த ஆயிரம் பேரில் தன் வீட்டு ஆளும் ஒருவர் என்றுதான் அது கேட்டிருக்கும். கர்த்தர் என்னைக் காத்தார் என்று நீங்கள் சொன்னீர்கள். உன் ஆளைக் காக்கவில்லை என்ற மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

சங்கீதத்தின் மேல் குற்றமில்லை. ஆபத்துக்கு நடுவில் கிடக்கிறவன் பற்றிக்கொள்ள எழுதப்பட்டது அது. நாமோ அதைக் கார் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதே சங்கீதத்தின் 11, 12-ஆம் வசனங்கள் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் வருகின்றன. இயேசுவை தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று அவற்றைச் சொல்கிறவன் பிசாசு, நீங்களே எடுத்துப் பாருங்கள். இயேசு குதிக்கவில்லை. தன்னைப் பிதா நேசிக்கிறார் என்பதற்கு அப்படியொரு அத்தாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தேவைப்படுகிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, பிடித்த வசனம் வராவிட்டால் இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்கிற ஆட்கள் நாம்.

இந்த வாரம் அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை மருமகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஞாயிறு பள்ளியில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கதைதான். பேதுரு சிறையில் சங்கிலியோடு தூங்குகிறார், தூதன் வந்து தட்டி எழுப்புகிறான், இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. வீட்டில் அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள், வாசலில் அவர் நிற்கிறார் என்று ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொன்னபோது, உனக்குப் பைத்தியமா என்கிறார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நாம் அத்தோடு நிறுத்திவிடுவோம்.

நிறுத்தாமல் வாசித்தால் அந்த அதிகாரம் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாம் வசனத்திலேயே யாக்கோபு பட்டயத்தால் வெட்டிக் கொல்லப்படுகிறார். பேதுருவோடு கடலில் வலை இழுத்தவர், அவரைப் போலவே அப்போஸ்தலர். அவருக்குத் தூதன் வரவில்லை. யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? 19-ஆம் வசனத்தில் இன்னொன்று இருக்கிறது. விடிந்ததும் பேதுருவைக் காணாமல், காவல் இருந்தவர்களை விசாரித்து அவர்களைக் கொல்லும்படி ஏரோது ராஜா கட்டளையிடுகிறான். பேதுரு தப்பிய கதையை எழுதிய லூக்கா, அந்தத் தப்புதலால் வேறு சில வீடுகளில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்தார். பேதுரு ஏன், யாக்கோபு ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம் தரவில்லை. பரிசுத்த வேதாகமமே மௌனமாக விட்டுவிட்ட இடத்தில் சாவியை வைத்துக்கொண்டு நீங்கள் விளக்கம் சொல்லியிருக்கிறீர்கள்.

உயிரோடிருப்பதற்கு நன்றி சொல்லுங்கள். முழங்காலில் நின்று சொல்லுங்கள், அழுதுகூடச் சொல்லுங்கள். யாரும் தடுக்கவில்லை. எதற்காக நான் தப்பினேன் என்று காரணம் சொல்லத் தொடங்கினால் மட்டும் மற்றவர் எதற்காகச் செத்தார் என்பதற்கும் நீங்களே பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டி வரும்.

கடிதத்தில் ஒரு விஷயம் காணவில்லை. வேன் எதனால் கவிழ்ந்தது? ஓட்டுநர் இரவெல்லாம் தூங்காதவரா, டயர் வழுக்கையா, 12 பேர் உட்காரும் வண்டியில் 20 பேரை ஏற்றினார்களா? சாவி காணாமல்போனதை இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறீர்கள், டயரைப் பற்றி ஒரு வரி இல்லை. சபையிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் கர்த்தருடைய சித்தத்தில் போட்டுவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே வேன்தான் வரும்.

உங்கள் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. இனி வண்டி நகரக்கூடாது என்று நிறுத்திவைத்தவர் நிலைய அதிகாரி. வண்டியில் சுமார் 800 பேர். ஏன் கிளம்பவில்லை என்று பயணிகள் சத்தம் போட்டிருப்பார்கள் அல்லவா? அவர் மசியவில்லை. பக்கத்து ஊர் மக்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் கிடந்த நேரத்தில், கையிலிருந்த அரிசி பருப்பை வைத்துச் சமைத்து அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் நம் சபையார் அல்லர். தேவனுடைய பராமரிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன் என்று கேட்டால், அந்த அடுப்படியில்தான் நிற்பேன். அதே மழையில் தாமிரபரணிக் கரையில் உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் உண்டு. அவர்கள் முன்னாலும் இந்த ரயில் கதையைக் கூசாமல் சொல்லலாம். ஒருவரை விட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்த கதையில்லை இது.

இனி அந்த நோட்டு. எழுதுவதை நிறுத்த வேண்டாம். எழுதுகிறதைக் கொஞ்சம் சலித்தால் போதும்.

நீங்கள் போனவுடன் வந்த பஸ், உங்களுக்கு முன்னால் முக்கால் மணி நேரமாக வெயிலில் நின்றவருக்குத் தாமதமாக வந்த பஸ். அவர் நோட்டில் அது எந்தப் பக்கம் ஏறும்? சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. விருந்தாளிகளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கத் தோன்றியிருந்தால் அது தீர்ந்திருக்கும், அப்போது கர்த்தர் கைவிட்டார் என்று எழுதுவீர்களா? மழைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விதைத்தவர் மழை கேட்டு ஜெபிக்கிறார். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு மழை வந்தால் அன்றைய கூலி போச்சு. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் பிதா மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று இயேசு சொன்னபோது, அதை நம்மைத் தனியாகக் கவனிப்பதற்கு அடையாளமாகச் சொல்லவில்லை. பாரபட்சம் பார்க்காத அன்புக்கு அடையாளமாகச் சொன்னார், அதுவும் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற கட்டளையோடு சேர்த்து.

அந்தக் கஞ்சியை மட்டும் நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். கடிதத்தில் அரை வரியில் எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டு வேலை இருந்திருக்கும். உங்கள் வீட்டுக் கதவு திறக்காததைக் கவனித்திருக்கிறார், அரிசி போட்டிருக்கிறார், ஆறுவதற்குள் கொண்டுவந்திருக்கிறார். இதில் தேவனுடைய கையைப் பார்த்தால் மருமகள் சிரிக்க மாட்டார். அவரும் சில நாள் உங்களுக்குக் கஞ்சி வைத்திருப்பார், அது நோட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதையை நம் பிரசங்கிமார் அடிக்கடி சொல்வார்கள். 1890-களில் திண்டிவனத்தில், நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்த இளம்பெண் அவர். மிஷனரியாகும் எண்ணமே கிடையாது. ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி கேட்டார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். நான் பத்திரமாக இருக்கிறேன், ஸ்தோத்திரம் என்று அவர் சாட்சி சொல்லிவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். கப்பல் ஏறத்தான் செய்தார், மருத்துவம் படிக்க. 1899-இல் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த இரவைக் கர்த்தருடைய அழைப்பு என்று அவர் சொன்னபோது, செத்த பெண்களின் வீட்டாருக்குக்கூட அதில் வருத்தப்பட ஒன்றுமிருந்திருக்காது.

உங்களைக் கல்லூரி கட்டச் சொல்லவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கும் போங்கள். பள்ளி ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விபத்து இழப்பீட்டு மனு என்று அவர்கள் இப்போது அலைந்துகொண்டிருப்பார்கள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கட்டணம் கட்டும் தேதி நெருங்கியிருக்கும். மனு எழுதிக் கொடுக்க உங்களுக்குத் தெரியும். மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாவி தொலைந்த கதையை அங்கே எடுக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால், நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

அனுப்பிய சாட்சியை வெளியிடப்போவதில்லை. நடை நன்றாக இருக்கிறது, வசனங்களில் பிழையில்லை, ஆனாலும் இல்லை. இந்த இதழ் அந்த இரண்டு வீடுகளுக்கும்கூடப் போகிறதோ என்னவோ.