தங்க பஸ்பமும் ஆரனோஃபினும்

வணக்கம் சார்,

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறார்கள். அது பிளாட்டினத்தில் செய்த மருந்து என்று நீங்கள் முன்பு எழுதியது நினைவிருக்கிறது. தங்கமும் ஏதோ ஒரு என்சைமை நிறுத்திப் புற்றுநோய் செல்லைக் கொல்கிறதாம். அப்படி ஒரு செய்தியைக் காட்டி, உறவினர் ஒருவர் தங்க பஸ்பம் வாங்கி வந்து வைத்திருக்கிறார். செய்தி பொய்யா? பொய் இல்லை என்றால் பஸ்பம் கொடுப்பதில் என்ன தவறு? பிளாட்டினம் ஏறலாம், தங்கம் கூடாதா என்று அவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மீனா

அன்புள்ள மீனா,

செய்தி பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் இந்தப் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

அதில் சொல்லப்பட்டது அநேகமாக ஆரனோஃபின். முடக்குவாதத்துக்காக அமெரிக்காவில் 1985-இல் அனுமதி பெற்ற, வாயால் சாப்பிடும் தங்க மருந்து. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். அதில் தங்கம் 2 மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு குண்டுமணி எடை சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மெத்தோட்ரெக்ஸேட் வந்தபின் மூட்டு மருத்துவர்கள் இதை அதிகம் தொடுவதில்லை. இப்போது புற்றுநோய் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது.

அது நிறுத்துகிற என்சைமின் பெயர் தயோரெடாக்சின் ரிடக்டேஸ். செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருட்கள் சேரச் சேர அவற்றைச் செலவழிக்கிற ஏற்பாட்டின் தலைவாசல் அது. அதன் வால்நுனியில் ஒரு செலினியம் அணு இருக்கிறது. சாதாரணமாகப் புரதங்களில் கந்தகம் இருக்கிற இடத்தில் இங்கே செலினியம். இப்படிப்பட்ட புரதங்களுக்கு மனிதனிடம் 25 மரபணுக்கள்தான் உண்டு. மின்னூட்டம் உள்ள தங்கத்துக்குக் கந்தகம் என்றால் இஷ்டம், செலினியம் என்றால் அதைவிட இஷ்டம். போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் லேசில் விடாது. என்சைம் முடங்கிவிடும்.

இந்த என்சைம் நல்ல செல்லிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் புற்றுநோய் செல் தினத்தண்டல் வாங்கிக் கடை நடத்துகிறவர் மாதிரி. தறிகெட்டு வளர்வதால் அரிக்கும் பொருள் அங்கே எப்போதும் கூடுதல். இந்த என்சைமை நம்பித்தான் நாளை ஓட்டுகிறது. ஒருநாள் வரவு நின்றாலும் கடை மூடவேண்டியதுதான். இது ஆய்வகத் தட்டில் அழகாக நடக்கிறது. உடம்புக்குள் போனால் தங்கத்தை வழியிலேயே பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ரத்தத்தில் ஏராளமாக ஓடும் அல்புமின் புரதத்திலும் ஒரு கந்தகம் காத்திருக்கிறது. ரத்தப் புற்று, நுரையீரல், சினைப்பை என்று மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். எந்தப் புற்றுநோய்க்கும் அது அனுமதி பெற்ற மருந்தாகவில்லை.

இனி பஸ்பம். மேலே "மின்னூட்டம் உள்ள தங்கம்" என்று எழுதினேன், கவனித்தீர்களா? ஆரனோஃபினில் இருப்பது நகையில் இருக்கிற தங்கம் அல்ல. ஒரு பக்கம் பாஸ்பரஸ் சேர்மமும் மறுபக்கம் கந்தகம் சேர்த்த சர்க்கரையும் பிடித்துக்கொண்டிருக்கிற ஒற்றைத் தங்க அணு. சர்க்கரைப் பக்கம் கழன்றுகொள்ளும். அந்தக் காலி இடத்தால்தான் அது என்சைமைப் பிடிக்கிறது. தங்க பஸ்ப மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது பெரும்பாலும் மிக நுண்ணிய உலோகத் தங்கத் துகள்களை. எத்தனை புடம் போட்டாலும் தங்கம் தங்கமாகவே நிற்கிற குணத்துக்காகத்தானே அதை நாம் கொண்டாடுகிறோம்!

உங்கள் அம்மாவின் மருந்துக்கும் இதே கதை உண்டு. 1960-களில் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா வளர்ந்த கரைசலில் மின்சாரம் செலுத்தியபோது பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தினார், அது எதோடும் சேராது என்ற நம்பிக்கையில். பாக்டீரியா பிரிய முடியாமல் 300 மடங்கு நீளத்துக்கு இழை இழையாக வளர்ந்தது. கம்பியிலிருந்து துளி கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியா, குளோரைடுடன் சேர்ந்துவிட்டிருந்தது. அந்தச் சேர்மத்திலிருந்துதான் 1978-இல் சிஸ்பிளாட்டின் மருந்தாக வந்தது. அது முக்கியமாகப் பிடிப்பது என்சைமை அல்ல, டிஎன்ஏவை. உறவினர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: அம்மாவுக்கு ஏறுவது பிளாட்டினக் கம்பி அல்ல.

நாட்டு மருந்தெல்லாம் வீண் என்று சொல்வதாக அவர் நினைக்கவேண்டாம். நம் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக் ட்ரையாக்சைடு, இன்று ஒருவகை ரத்தப் புற்றுக்கு முதல்தர மருந்து. 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஒரு கிராமத்து வைத்தியமுறையை எடுத்து, அதிலிருந்த பாதரசம், தேரை விஷம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, வேலை செய்வது ஆர்செனிக்தான் என்று கண்டார்கள். அளவு குறித்து ஊசியாக ஏற்றினார்கள். எல்லாப் புற்றுக்கும் அல்ல, அந்த ஒன்றுக்கு. தங்க பஸ்பத்துக்கு அப்படி யாரும் செய்து காட்டியதில்லை.

அதனால் கொடுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால்தான் முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுகிறார்கள். பொட்டலத்தில் தங்கத்தோடு வேறென்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில் அந்தச் சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை வேண்டாம். ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திட்டுவார், பரவாயில்லை. காதில் 'ங்' என்று இரைச்சல் கேட்கிறதா என்று அம்மாவிடம் ஒருமுறை விசாரியுங்கள். இந்த மருந்து காதையும் தொடும். பெரியவர்கள் அதை வயசுக் கோளாறு என்று எண்ணி வெளியே சொல்லமாட்டார்கள்.