தொழில்நெறி வழிகாட்டியாக விரும்பும் ஆசிரியைக்கு

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் 14 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் எந்த குரூப் எடுப்பது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். முறையாகப் பயின்று தொழில்நெறி வழிகாட்டி ஆகலாம் என்று எண்ணுகிறேன். இவ்வளவு அனுபவம் இருக்கும்போது தனிப்படிப்பு எதற்கு என்கிறார் என் கணவர். நீங்கள் அப்பயிற்சியை முடித்தவர் என்பதால் கேட்கிறேன். வேலையை விடாமல் படிக்க வழியுண்டா?
— வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதையே பயிற்சியில் சேரும்வரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சியின் மூன்றாவது வாரத்தில், நாங்கள் நடத்தும் உரையாடல் ஒன்றை உரியவர்களின் சம்மதத்துடன் பதிவுசெய்து, ஒரு சொல் விடாமல் எழுதிவரச் சொன்னார்கள். என் முன்னால் அமர்ந்திருந்தவர்கள் ஒரு தந்தையும் பத்தாம் வகுப்பு முடித்த மகளும். எழுதி முடித்துப் பார்த்தபோது ஒன்பது பக்கங்கள் வந்திருந்தன. அவற்றில் அந்தப் பெண் பேசியது "சரிங்க சார்", "தெரியல சார்" என்ற இரண்டு மட்டுமே. மீதியெல்லாம் நானும் அவள் தந்தையும் பேசியது. அவளைப் பார்த்து நான் கேட்ட கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லியிருந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது. அந்த ஒன்பது பக்கங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, அனுபவமே போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாடங்களைப் பொறுத்தவரை அச்சப்பட ஒன்றுமில்லை. 1908இல் பாஸ்டன் நகரில் வேலை தேடிவந்த இளைஞர்களுக்காக பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய பணியகத்திலிருந்து கதை ஆரம்பிக்கும். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுத்தல் என்று அவர் வகுத்த மூன்று படிகள் இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. அடுத்து, மனிதரின் நாட்டங்களை ஆறு வகையாகப் பிரித்த உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வருவார். அவர் வழியில் அமைந்த வினாத்தாள்களைப் பயன்படுத்தவும் கற்றுத் தருவார்கள். இவற்றின் மீது எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு தொழிலை வாழ்நாளில் கண்ணாலும் கண்டிராத பிள்ளை அதற்கு நேராகப் 'பிடிக்காது' என்று குறியிட்டால், அது அவளுடைய நாட்டத்தைக் காட்டுகிறதா, அவள் ஊரில் என்னென்ன வேலைகள் கண்ணில் படுகின்றன என்பதைக் காட்டுகிறதா? வினாத்தாளைப் பேச்சைத் தொடங்கி வைக்கும் கருவியாகக் கொள்ளுங்கள்; தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விவரமும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதைக் களப்பயிற்சியில் ஒரு மாணவன் எனக்குக் கற்பித்தான். வணிகக் கப்பலில் அதிகாரியாக வேண்டும் என்றான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும், பிறகு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று நான் உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, நிறம் பிரித்துப் பார்க்கும் சோதனை செய்திருக்கிறாயா?" செய்திருக்கவில்லை. அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் போய்வந்தான்; சிவப்பும் பச்சையும் அவனுக்குக் குழம்பின. நிறக்குருடு உள்ளவர்களைக் கப்பலின் மேல்தளப் பணிக்கு எடுப்பதில்லை. ரயில் ஓட்டுநர் பணிக்கும் அப்படித்தான். கணித ஆசிரியையான உங்களுக்கு மதிப்பெண், கட்-ஆஃப் கணக்கெல்லாம் கைவந்திருக்கும். ஆனால் பாலிடெக்னிக் முடித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது போன்ற பக்கவாசல்களையும், இந்த மாணவன் முட்டி நின்றதைப் போன்ற அடைத்த கதவுகளையும் வருடந்தோறும் புதிதாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பின் பெயரிலேயே 'கவுன்சிலிங்' உண்டு; நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பொறியியல் இடம் ஒதுக்கும் கலந்தாய்வுதான் நினைவுக்கு வரும். நான் இப்படிப்பில் சேர்ந்த செய்தி தெருவில் பரவியதும், எந்தக் கல்லூரியில் சீட் வாங்கித் தருவீர்கள் என்று கேட்டு இருவர் வீடு தேடி வந்துவிட்டார்கள். உங்களுக்கும் இது நேரும்.

பணியை விடாமல் படிப்பது குறித்து: மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டுதல் மற்றும் ஆற்றுப்படுத்துதல் (கவுன்சிலிங்) டிப்ளமோ ஓராண்டுப் படிப்பு. முதல் ஆறு மாதங்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். அடுத்த மூன்று மாதங்கள் மையத்திற்குச் சென்று நேரடிப் பயிற்சி பெற வேண்டும். கடைசி மூன்று மாதங்கள் சொந்த ஊரில் களப்பயிற்சி. மையங்களுள் நமக்கு அருகில் உள்ளது மைசூரு. எனவே வேலையை விட வேண்டியதில்லை. நடுவிலுள்ள அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் உங்கள் பள்ளி நிர்வாகம் விடுப்பு தருமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கத் தொடங்க, படிப்பில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஒரு மாணவி பெற்றோருடன் வரும்போது, பெற்றோரைப் பத்து நிமிடம் வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்.