ஜிப் அல்ல, கயிறு: ஹெலிகேஸ் பற்றிச் சில கேள்விகள்

கிண்டியில் சென்ற மாதம், டிஎன்ஏ, ஆர்என்ஏ புரிகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதிகளைப் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. மிஞ்சிய கேள்விச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

டிஎன்ஏவை ஜிப் மாதிரித் திறப்பது ஹெலிகேஸ் என்று டீச்சர் சொன்னார். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தடுப்பதும் அதைத்தானே? (பிளஸ் டூ மாணவி, மேற்கு மாம்பலம்)

ஜிப்புக்கு முறுக்கு கிடையாதே அம்மா. இரண்டு புரித் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டு. மறுமுனையில் இரண்டு புரியையும் பிடித்து இழுத்துப் பார். ஒரு சாண் பிரிவதற்குள் மீதிக் கயிறு இறுகிச் சுருண்டுகொள்ளும். செல்லுக்குள்ளும் இதே தொல்லைதான். ஹெலிகேஸ் ஏடிபி என்ற செல் எரிபொருளைச் செலவழித்து ஒரு புரியின் மேல் நடக்கிறது, எதிர்ப்புரி விலகுகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் நொடிக்குச் சுமார் 1,000 கார இணைகள், அதாவது டிஎன்ஏ ஏணியின் படிகள், பிரியும். பத்தரை இணைக்கு ஒரு முறுக்கு என்றால் நொடிக்கு நூறு சுற்றுக்குக் கிட்ட வருகிறது. முன்னால் ஏறும் அந்த முறுக்கைத் தளர்த்துவது கைரேஸ் என்ற வேறு நொதி. அது டிஎன்ஏவை வெட்டி, வழிவிட்டு, மறுபடி ஒட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் அந்த ஒட்டும் வேலையைத்தான் கெடுக்கிறது. பாக்டீரியாவின் ஹெலிகேஸைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக் எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

தம்பிக்குப் பெருங்குடல் புற்றுநோய். ரிப்போர்ட்டில் 'எம்எஸ்ஐ-ஹை' என்று போட்டிருக்கிறது. இதற்கு ஹெலிகேஸ் மருந்து வந்துவிட்டதாமே? (பெரம்பூர் வாசகர்)

வரவில்லை. மனிதர்களிடம் ஆரம்பகட்டச் சோதனையில் இருக்கிறது. ஆனால் செய்தி பொய்யில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் செல்களில் ஏறக்குறைய 95 ஹெலிகேஸ்கள் உண்டு. அவற்றில் ஒன்று டபிள்யூஆர்என். எம்எஸ்ஐ-ஹை கட்டியில் டிஎன்ஏ நகலுக்கு ப்ரூஃப் பார்க்கும் ஏற்பாடு பழுதாகியிருக்கும். அதனால் செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் பிழைகள் சேரும். டி-ஏ, டி-ஏ என்று ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் நீண்டுகொண்டே போகும். நீண்டவை மடிந்து சிலுவை வடிவச் சிக்கலாக நிற்கும். அந்தச் சிக்கலை எடுக்க டபிள்யூஆர்என் வேண்டும். அது இல்லாவிட்டால் குரோமோசோம் துண்டு துண்டாகிச் செல் செத்துவிடும். நல்ல செல்லில் அந்த இடங்கள் நீளாததால் டபிள்யூஆர்என்னை நிறுத்தினாலும் பெரிதாகத் தெரியாது. 2019-ல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்தன. சிக்கலின் இடம் எது என்பது அடுத்த ஆண்டு தெளிவானது. இந்தக் கட்டியில் டபிள்யூஆர்என்னை நிறுத்துவது, மெட்ரோ வாட்டர் நின்றுபோன வீட்டில் போர்வெல்லையும் மூடுவது போல என்று நானே மேடையில் சொன்னேன். அது பாதிதான் சரி. இங்கே போர்வெல் மாற்று ஏற்பாடு அல்ல, முதல் பழுது உண்டாக்கிய குப்பையை அள்ளுகிற ஆள்.

மருந்து செய்வதில் சிரமம் எங்கே என்றால், ஏடிபி உட்காரும் குழி எல்லா ஹெலிகேஸிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. 95 வீட்டுக்கும் ஒரே பூட்டு மாதிரி. நோவார்ட்டிஸ் கம்பெனியின் எச்ஆர்ஓ761 என்ற சோதனை மருந்து அந்தக் குழியை விட்டுவிட்டு, நொதியின் இரண்டு பாகங்கள் சேரும் இடுக்கில் போய் உட்கார்ந்து அதை அசையவிடாமல் செய்கிறது. கெட்டிக்காரத்தனமான வழி என்பேன். இருந்தாலும் ஒரு தயக்கம் உண்டு. டபிள்யூஆர்என் இல்லாமலே பிறப்பவர்களுக்கு வெர்னர் நோய் வருகிறது. இருபதுகளிலேயே தலை நரைக்கும், பிறகு கண்புரை, புற்றுநோய் என்று தொடரும். சில மாதம் அடைப்பதும் பிறவியிலேயே இல்லாததும் ஒன்றல்லதான். ஆனாலும் நீண்டகாலப் பக்கவிளைவைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதற்காகக் காத்திருக்க வேண்டாம். எம்எஸ்ஐ-ஹைக்கு பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய் மேல் ஏவும் சிகிச்சை) இப்போதே இருக்கிறது. தம்பிக்கு அது பொருந்துமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், இது பரம்பரையாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோமா என்றும் கேளுங்கள். எம்எஸ்ஐ-ஹை எல்லாமே பரம்பரை அல்ல. பரம்பரை என்றால் உடன்பிறந்த நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு அக்கி. டாக்டர் அசைக்ளோவிர் கொடுத்தார். அது ஹெலிகேஸ் மருந்தா? (திருவல்லிக்கேணி வாசகி)

இல்லை. அது வைரஸின் டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியை ஏமாற்றுகிறது. அக்கி வைரஸின் ஹெலிகேஸும், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமேஸ் நொதியும் சேர்ந்த கூட்டணியைத் தாக்குவது அமெனாமெவிர் என்ற மருந்து. அக்கிக்காக ஜப்பானில் 2017-ல் அதற்கு அனுமதி கிடைத்தது, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஹெலிகேஸை நிறுத்தி வைரஸை அடக்க முடியும் என்பதற்கு என் கையில் உள்ள நல்ல சாட்சி இதுதான். எந்த மாத்திரையானாலும் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவி குழைத்து அக்கி எழுதட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன். அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணருகில் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

கொரோனாவின் ஹெலிகேஸை மஞ்சள் நிறுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (தாம்பரம் வாசகர்)

கொரோனாவின் என்எஸ்பி13 ஹெலிகேஸ் அதிகம் மாறாத புரதம், நல்ல இலக்குதான். மஞ்சள் விஷயம் வேறு. பல வருடம் முன்பு என் மாணவர் ஒருவர் 96 குழித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். குழிகளில் ஹெலிகேஸும், இரண்டு புரியும் பிரிந்தால் ஒளிரும்படி சாயம் கட்டிய டிஎன்ஏவும் இருந்தன. மஞ்சள் சாறு விட்ட குழிகள் மட்டும் இருட்டு. "சார், நின்னுடுச்சு!" என்றார். எனக்கும் ஆசைதான். மறுநாள் ஹெலிகேஸை முழுதாக வேலை செய்யவிட்டு, எல்லாம் ஒளிர்ந்த பிறகு சாற்றை விடச் சொன்னேன். அப்போதும் இருட்டு. நொதி நிற்கவே இல்லை, மஞ்சள் நிறம் ஒளியைக் குடித்திருக்கிறது. வேறு சில பொருள்கள் டிஎன்ஏ படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு ஹெலிகேஸைத் தடுத்தது போலக் காட்டும். கயிற்றில் பசை தடவினால் யார் இழுத்தாலும் பிரியாது, அதற்காகப் பசையை மருந்து என்பதா? மஞ்சள் ரசத்துக்குப் போதும்.

விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் இதே சென்னையில் கண்டது மூன்று புரி. அதையும் ஹெலிகேஸ் பிரிக்குமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்)

பிரிக்காது ஐயா. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் சொன்னது கொலாஜன் என்ற புரதத்தை. ஹெலிகேஸுக்கு டிஎன்ஏ, ஆர்என்ஏ தவிர வேறெதுவும் தெரியாது. கொலாஜனைப் பிரிக்க அடுப்பே போதும். ஆட்டுக்கால் பாயா கொதிக்கக் கொதிக்க மூன்று புரியும் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. சாப்பிட்ட பிறகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதுதான்.