புது ரவுட்டரின் பெயரே லேப்டாப்பில் வரவில்லை: பதில்

வணக்கம். புது வைஃபை 6 ரவுட்டர் மொபைலில் தெரிகிறது, இன்டெல் 7265 வைஃபை கார்டு உள்ள லேப்டாப்பில் மட்டும் பெயரே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு லேப்டாப்பை மாற்றிவிடாதீர்கள், கார்டு நன்றாகத்தான் இருக்கும். வைஃபை 6 பழைய கருவிகளோடும் பேசும். ஆனால் அந்த கார்டின் பழைய டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருள்) புது ரவுட்டரின் அறிவிப்பு புரியாது. அதனால் பட்டியலிலேயே காட்டாது.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, இன்டெல் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் "சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது" என்று சொல்லும், நம்பாதீர்கள். போட்டதும் ரீஸ்டார்ட் அவசியம்.

அப்படியும் வராவிட்டால், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மட்டும் 11ஏஎக்ஸை (அதாவது வைஃபை 6-ஐ) அணைத்து, பழைய வைஃபை முறையான 11என்-இல் வையுங்கள். மொபைல் 5 கிகாஹெர்ட்ஸில் வழக்கமான வேகத்தில் ஓடும். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்புக்கு (பழையதும் புதியதும் சேர்ந்தது) மாற்றுங்கள்.