செஃபலூவின் துவைகற்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிசிலியில் செஃபலூவில் நான்கு நாட்கள் தங்கினோம். கடற்கரை அருமை, ஆனால் குடைக்கும் நாற்காலிக்கும் வாடகை அதிகம். பேராலயத்தைப் பார்த்தோம். பழைய துணி துவைக்கும் இடம் ஒன்றில் என் மனைவி முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். அங்கே என்ன இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அடுத்த முறை செஃபலூவே போகலாமா, தவோர்மினாவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாடகையை விடுங்கள். அங்கே காசில்லாமல் துண்டு விரித்துப் படுக்கவும் மணல் இருக்கிறது.

பேராலயத்தை 1131இல் தொடங்கிய சிசிலி அரசன் இரண்டாம் ரோஜர், தான் அங்கேதான் அடக்கமாக வேண்டும் என்று கல்பேழைகளைக்கூடக் கொண்டுவந்து வைத்தான். பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் அவற்றைப் பலேர்மோவுக்கு எடுத்துப்போய்விட்டான். சரி, அரசர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மனைவி உட்கார்ந்த இடத்தைப் பற்றி நான் பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெருவிலிருந்து படியிறங்கினால் தாழ்ந்த வளைகூரை. சுவரில் சிங்க முகங்கள், அவற்றின் வாயிலிருந்து செஃபலினோ ஆற்றுத் தண்ணீர் தொட்டிகளில் விழுந்து கடலுக்கு ஓடுகிறது. தொட்டி விளிம்புகளில் சாய்வான துவைகற்கள். காதலன் செய்த துரோகத்துக்காக அவனைக் கொன்றுவிட்டு, பிறகு வருந்தி அழுத ஒரு தேவதையின் கண்ணீர்தான் அந்த ஆறு என்பது ஊர்க்கதை. ‘வெள்ளியைவிடத் தூயது, பனியைவிடக் குளிர்ந்தது’ என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குத்தான் அத்தனை புகழ்ச்சி. அந்தக் குளிரில் முழங்கை வரை நனைந்து துவைத்த பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

என் அம்மா வாய்க்காலில் துவைத்தவர். சவுக்காரம் தின்று அவர் விரல் கணுக்களில் எப்போதும் வெடிப்பு இருக்கும். ஆனால் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்தக் கல்லருகில் மட்டும்தான். வீட்டில் மாமியார், மாமனார், நாங்கள். துறையில் அவரும் தோழிகளும். குழாய் வந்ததும் முதுகுவலி குறைந்தது, உண்மை. அந்தச் சிரிப்பும் போயிற்று. அவர் எதை இழந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. செஃபலூவில் அந்தக் கல்லைத் தொட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. அப்போது அம்மா இல்லை.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. பேராலயத்து மொசைக் ஓவியத்தின் முன்னால் ஒருவர் முக்கால் மணி நேரம் நின்றால் ரசனை என்பீர்கள். துவைகல்லின் முன்னால் உட்கார்ந்தால் நேர விரயமா? கையைப் பிடித்து இழுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? என்னை நம்பி, நினைத்ததை எழுதியிருக்கிறீர்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று இன்றாவது கேளுங்கள்.

மறுபடி அங்கேயே போவதானால் காலையில் சீக்கிரம் போங்கள், கூட்டம் வருமுன். படி ஈரமாக இருக்கும், அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.