பட்டம் போன பிறகு ஸ்மிஸ்லோவ்

கேள்வி: உலக செஸ் பட்டத்தை இழந்த பிறகு ஸ்மிஸ்லோவ் பெரிதாக ஏதும் சாதித்தாரா?

பதில்: 1958இல் போட்வின்னிக்கிடம் பட்டத்தைப் பறிகொடுத்தவர், கால் நூற்றாண்டு கழித்து மறுபடி அதன் வாசல்வரை வந்தார். 1983 கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) காலிறுதியில் ஹ்யூப்னருடன் 10 ஆட்டங்கள் 5–5. கூடுதலாக ஆடிய நான்கும் 2–2. கடைசியில் ரூலெட் சக்கரத்தைச் சுழற்றி முடிவு செய்தார்கள்! அதிர்ஷ்டம் ஸ்மிஸ்லோவ் பக்கம். சதுரங்கத்துக்குப் பெருமை தரும் முறையல்லதான். ஆனால், அரையிறுதியில் ரிப்லியை 6½–4½ என வீழ்த்தியதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. 1984 இறுதிச் சுற்றில், தன்னைவிட 42 வயது இளைய காஸ்பரோவிடம் 4½–8½ எனத் தோற்றார். 13 ஆட்டங்களில் 9 டிரா, வெற்றி ஒன்றுகூட இல்லை. 1991இல், 70 வயதில், உலக மூத்தோர் சாம்பியன்ஷிப்பை வென்றார்.