ஆங்கிலத்துல 'இன்வைட்'ங்கிற வெர்புக்கு என்னென்ன அர்த்தம், எப்படி பயன்படுத்தணும்?

ஏதோ மெயில் எழுத உக்காந்து 'டு' வருமா 'ஃபார்' வருமான்னு குழம்பிப்போய்தான் கேட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். கல்யாணம், பார்ட்டி மாதிரி நிகழ்ச்சின்னா 'டு'. இன்டர்வியூன்னா 'ஃபார்'. டின்னருக்கு ரெண்டுமே ஓகே. பின்னாடி இன்னொரு வெர்ப் வந்தா 'தே இன்வைட்டட் மீ டு ஸ்பீக்', அவ்ளோதான், 'ஃபார் ஸ்பீக்கிங்'னு தயவுசெஞ்சு எழுதாதீங்க.

ஆளைக் கூப்பிடறதுக்கு மட்டும் இல்லாம டெண்டர், விண்ணப்பம், கருத்து கேக்கறதுக்கும் இதான், 'அப்ளிகேஷன்ஸ் ஆர் இன்வைட்டட்'னு விளம்பரத்துல பாத்திருப்பீங்க. வம்பை விலைக்கு வாங்கறோமே, அது 'இன்வைட் ட்ரபிள்'. ஆனா ஃப்ரெண்டுகிட்ட நேர்ல 'ஐ இன்வைட் யூ டு டின்னர்'னு சொன்னா மேடையில பேசற மாதிரி இருக்கும், 'வுட் யூ லைக் டு கம்?'னு கேட்டாலே போதும்.

இந்த வார்த்தைன்னாலே எனக்கு பழைய ஆபீஸ்தான் ஞாபகம் வரும். கூட வேலை பாக்கற ஒருத்தருக்கு 'ஐ ஹேவ் சென்ட் யூ அன் இன்வைட்'னு மெயில் போட்டிருந்தேன், அந்த மெயிலோட காப்பி போயிருந்த ஒரு சீனியர் அதை மீட்டிங்ல ஸ்கிரீன்ல போட்டு, 'இன்வைட்'டை சிவப்புல வட்டம் கட்டி, "இது வெர்ப், இன்விடேஷன்னு எழுதணும், இதுகூட தெரியாதா"ன்னு புதுசா சேர்ந்த பசங்க முன்னாடியே கேட்டார். நான் சும்மா விடல, அங்கேயே டிக்ஷனரியைத் திறந்து காட்டினேன். நவுனாவும் அதுல இருக்கு, பேச்சுவழக்குன்னு குறிப்போட. 17ஆம் நூற்றாண்டுலேர்ந்தே அப்படி எழுதறாங்க. உச்சரிப்பு மட்டும் மாறும்: வெர்புக்கு 'வைட்'டுல அழுத்தம், நவுனுக்கு முதல்ல வர்ற 'இன்'ல. அவர் "சரி சரி, அடுத்தது"ன்னு ஸ்லைடை மாத்திட்டார்.

உடனே சண்டைக்கு வராதீங்க, ஃபார்மல் லெட்டருக்கு 'இன்விடேஷன்'தான் பொருத்தம், அதை நான் மறுக்கவே இல்ல. ஆனா பக்கத்து சீட்டுக்காரருக்கு போட்ட ரெண்டு வரி மெயில் ஃபார்மல் லெட்டரா? அடுத்தவன் இங்கிலீஷ்ல தப்பு கண்டுபிடிக்கறவங்க அவன் என்ன சொல்ல வர்றான்னு கவனிக்கறதே இல்ல, எனக்கு ஆறாத கோபம் அதுலதான். அந்த இன்வைட்டை நான் அனுப்பினதே டெலிவரி தேதி தள்ளிப்போகப் போகுதுன்னு பேசறதுக்கு. அன்னிக்கு முழுக்க அதைப் பத்தி ஒருத்தர்கூட வாயைத் திறக்கல.